மட் மெயில் நிரலில் இணைப்பு: திறக்காத பிடிஎஃப்பும் போய்ச் சேராத அறிக்கையும்

கேள்வி: ஆய்வுக்கூட சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலிருந்தே) நுழைந்து அங்கேயே, எழுத்துத் திரையில் ஓடும் மட் நிரலில் மெயில் பார்க்கிறேன். படிக்க, எழுத சுகமாக இருக்கிறது. இணைப்பு என்று வந்தால்தான் தடுமாற்றம். வரும் பிடிஎஃப்களில் சில திறக்கின்றன, சில வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் வாய்க்குள் நுழையாத பெயருடன் வந்து சேர்கின்றன. தினமும் ஓர் அறிக்கையை ஸ்கிரிப்ட் மூலம் அனுப்பப் பார்த்தேன், போகவே இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: கடைசியில் கேட்டதைத் தவிர எதிலும் உங்கள் தப்பு இல்லை. முதல் இரண்டும் அனுப்பியவருடைய நிரல் செய்கிற வேலை.

மெயில் என்பது இன்றும் வரி வரியான எழுத்துதான். 1992ல் நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதிய மைம் விதிகள் வந்த பிறகு ஒரே மெயிலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் "இது பிடிஎஃப்", "இது படம்" என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்ப முடிந்தது. மட் அந்தச் சீட்டைத்தான் நம்பும். உள்ளே இருப்பதை முகர்ந்து பார்க்காது. ஜிமெயில் மாதிரி இடங்களில் கோப்பின் பெயரையும் பார்த்து ஊகித்துக்கொள்வதால் சீட்டு தப்பாக இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

மெயிலைத் திறந்து சின்ன வி விசையை அழுத்துங்கள். பகுதிகள் எல்லாம் மரம் போல வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சீட்டு தெரியும். கிறுக்கலாக வருகிற பிடிஎஃப்புக்கு எதிரே அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று இருந்தால் ஆள் அகப்பட்டான். அதற்கு அர்த்தம் "ஏதோ பைட்டுகள், என்னவென்று எனக்குத் தெரியாது" என்பதுதான். எந்த வகையை எந்த நிரலால் திறப்பது என்று குறித்து வைக்கும் மெயில்கேப் கோப்பில் அந்த வகைக்கு வரி இல்லாததால், பொருத்தமான வரி கிடைக்கவில்லை, எழுத்தாகவே காட்டுகிறேன் என்று திரையின் அடியில் ஒரு வரி சொல்லிவிட்டு மட் அந்தப் பைட்டுகளை அப்படியே கொட்டிவிடுகிறது. அந்த அடி வரியை யாரும் படிப்பதில்லை, நானும் ரொம்ப நாள் படித்ததில்லை.

அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் என்றால் அதே திரையில் கண்ட்ரோல்-ஈ அழுத்தி வகையை அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்று மாற்றிவிட்டு என்டர் தட்டினால் போதும். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் மட்டின் அமைப்புகளை எழுதி வைக்கும் மட்ஆர்சி கோப்பில் மைம்_லுக்அப் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பக்கத்தில் அந்த ஆக்டெட்-ஸ்ட்ரீம் வகையைப் போட்டுவிடுங்கள். அப்புறம் இந்தச் சீட்டு ஒட்டி வருவதை மட்டும் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் நீட்சியைப் பார்த்து மட் முடிவு செய்யும்.

சரி, வகை சரியாகிவிட்டது, எதைக் கொண்டு திறப்பது? நீங்கள் இருப்பது சர்வரில், அங்கே ஜன்னல் திறந்து பிடிஎஃப் காட்ட ஒன்றும் கிடையாது. மெயில்கேப்பில் பிடிஎஃப்புக்கு, எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் நிரலைக் குறித்து, வரியின் கடைசியில் காப்பியஸ்அவுட்புட் என்ற சொல்லைச் சேர்த்தால், உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் மட்டின் திரையிலேயே வந்துவிடும். எச்டிஎம்எல் பகுதிக்கு டபிள்யூ3எம் அல்லது லிங்க்ஸ் என்ற எழுத்து உலாவியைப் போட்டு, மட்ஆர்சியில் ஆட்டோ_வியூ வரியும் எழுதிவிட்டால் என்டர்கூடத் தட்ட வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த தமிழ் பிடிஎஃப் வந்தால் மட்டும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் ஆங்கில எழுத்துகளை வாரி இறைக்கும். மட்டைத் திட்டாதீர்கள், அந்தப் பிடிஎஃப்புக்குள் இருப்பதே பெரும்பாலும் அதுதான்.

படம், வரைபடம் எல்லாம் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். எஸ் அழுத்திச் சேமியுங்கள். எங்கே சேமித்தது என்று தேடுபவர்கள் நிறைய. மட்டை எந்த அடைவில் நின்று தொடங்கினீர்களோ அங்கே இருக்கும், அதுவும் சர்வரில், உங்கள் மடிக்கணினியில் அல்ல. மடிக்கணினியில் இன்னொரு டெர்மினல் திறந்து கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை மூலம் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்ப் பெயர் விஷயம். இணைப்பின் பெயரில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் அதை எப்படி எழுதி அனுப்புவது என்று 1997லேயே ஆர்எஃப்சி 2231 என்ற இணைய விதி வந்துவிட்டது. பல மெயில் நிரல்கள் அதைக் கேட்பதில்லை, மெயிலின் பொருள் (சப்ஜெக்ட்) போன்ற தலைப்பு வரிகளுக்கு வகுத்த 2047ஆம் எண் விதியைத் தூக்கிக்கொண்டு வந்து பெயரிலும் போடுகின்றன. உங்கள் கோப்பின் பெயர் சமக்குறி, கேள்விக்குறி, யுடிஎஃப்-8 என்று ஆரம்பிக்கிறதா? அப்படியானால் இதுதான். பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறையில் வந்திருந்தால் அதையடுத்து 4கே6 என்று வரும், தமிழெழுத்தில் தொடங்கும் எந்தப் பெயருக்கும் முதல் மூன்று குறிகள் அவைதான், பழகிவிட்டால் பார்த்ததுமே தெரிந்துவிடும். மட்ஆர்சியில் ஆர்எஃப்சி2047_பாராமீட்டர்ஸ் என்பதற்கு யெஸ் (ஆம்) என்று மதிப்புக் கொடுங்கள், பெயர் தமிழாகிவிடும்.

நீங்கள் அனுப்பும்போது மட் முறைப்படி 2231ஐத்தான் பின்பற்றும். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு யுடிஎஃப்-8ல் 3 பைட், ஒரு பைட்டுக்கு விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்து, ஆக 9. விண்ணப்பம் என்ற சொல்லில் புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து 10 குறிகள், 90 எழுத்தாகிவிடும். அரசு அலுவலகத்துக்கோ பழைய நிரல் வைத்திருப்பவருக்கோ அனுப்பும்போது நான் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுகிறேன், தமிழ்ப்பற்றை மெயிலின் உள்ளே காட்டிக்கொள்ளலாம்.

இப்போது ஸ்கிரிப்ட். மட், ஹைஃபன் எஸ், பொருள், ஹைஃபன் ஏ, கோப்பு, முகவரி என்று எழுதியிருப்பீர்கள். பழைய குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். இப்போதைய மட்டில் ஹைஃபன் ஏவுக்குப் பின்னால் எத்தனை கோப்பு வேண்டுமானாலும் வரலாம், அதனால் முகவரியையும் கோப்பு என்று நினைத்து அதைத் தேடிப் போய், இல்லை என்று கைவிரித்துவிடும். கோப்புக்கும் முகவரிக்கும் நடுவே, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன் போடுங்கள். குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் ஓடும்போது இந்தப் பிழை திரையில் வராது, நான் ஒருமுறை இப்படித்தான் ஒரு வாரம் அறிக்கை போய்க்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

கையால் அனுப்புவது சுலபம். எழுதி முடித்துத் தொகுப்பானை மூடியதும் வரும் திரையில் ஏ அழுத்துங்கள், கேள்விக்குறி தட்டினால் கோப்புப் பட்டியல் வரும், டேக் என்பதன் டி விசையைப் போட்டு வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். அளவை மட்டும் கவனியுங்கள். பேஸ்64ல் 3 பைட் 4 எழுத்தாகிறது, வரி முடிவுகளையும் சேர்த்தால் 37 விழுக்காடு வரை வீங்கும். 25 எம்பி எல்லை என்றால் 18 எம்பிக்கு மேல் கோப்பு வைக்காதீர்கள்.

கேட்காத ஒன்று: "இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்புகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அபார்ட்_நோஅட்டாச் என்பதை ஆஸ்க்-யெஸ் என்று வைத்தால் அனுப்பும் முன் மட் உங்களை நிறுத்திக் கேட்கும். அது தேடுவது ஆங்கிலச் சொல்லைத்தான், அதனால் அபார்ட்_நோஅட்டாச்_ரெஜெக்ஸ்ப் என்பதில் தமிழையும் சேர்க்க வேண்டும். "இணை" என்று மட்டும் போட்டேன், "இணையம்" என்று எழுதும்போதெல்லாம் கேள்வி கேட்டு உயிரை வாங்கியது. "இணைத்த", "இணைப்ப" என்ற இரண்டும் போதும். உகரமும் இகரமும் தனிக் குறியாக அப்புறம்தான் வருகின்றன என்பதால் இணைத்துள்ளேன், இணைத்திருக்கிறேன், இணைப்பில் எல்லாமே அந்த வலையில் விழுந்துவிடும்.