ஃபேசியா தெரபியால் மனச்சோர்வு தீருமா? கேள்வி பதில்

கேள்வி: ரோல்ஃபிங் பத்து அமர்வு எடுத்தால் மனச்சோர்வு போய்விடுமா?

பதில்: கோழித்தோலை உரிக்கும்போது கறியில் ஒட்டிக்கொண்டு வரும் பளபளப்பான சவ்வு இருக்கிறதே, அதுதான் ஃபேசியா. நம் தசைகளையும் அப்படித்தான் சுற்றியிருக்கிறது. அதை அழுத்தி இழுத்து உடம்பின் நிலையைச் சீராக்கத்தான் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஐடா ரோல்ஃப் ரோல்ஃபிங் என்ற பத்து அமர்வு முறையை வகுத்தார், மனச்சோர்வுக்காக அல்ல. ஆனால் தொடர்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் மிஷாலக் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வு உள்ள 40 பேரையும் இல்லாத 40 பேரையும் ஒப்பிட்டார்கள்; சோர்வு உள்ளவர்களின் கழுத்து, முதுகுத் திசு அதிக விறைப்பாக இருந்தது. பிறகு 69 நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், ஒருமுறை தசைகளைத் தாங்களே நீவிக்கொண்டவர்களிடம் கெட்ட நினைவுகளையே பொறுக்கியெடுக்கும் போக்கு குறைந்தது. அவ்வளவுதான், நோய் குணமானது என்று அதில் இல்லை.

கேள்வி: அமர்வுகள் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. மனநல மருத்துவரைக் கேட்காமல் அரை மாத்திரைகூடக் குறைக்காதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும், நோயும் திரும்பலாம்.

கேள்வி: அமர்வின் நடுவே தேம்பி அழுதேன். பழைய துக்கம் திசுவில் தேங்கியிருந்ததாம்.

பதில்: அழுகை உண்மை, சொன்ன காரணம் தவறு. நினைவு மூளையின் வேலை. என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்குக் காதுவரை ஏறியிருந்த தோள் மெல்ல இறங்கியதும் கண்ணீர் கொட்டியது. கணவர் போனபிறகு யாருமே தன்னைத் தொடவில்லை என்றார். மெதுவான வருடலை உணர்வதற்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் உண்டு.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். அழுத்தினால் திசு இளகும் என்று ரோல்ஃபே சொன்னாரே?

பதில்: சொன்னார். ராபர்ட் ஷ்லைப்பும் ரோல்ஃபிங் செய்பவர்தான். அவரும் சேர்ந்து 2008-இல் கணக்குப் போட்டுப் பார்த்ததில், தொடைப் பக்கத்துக் கெட்டியான பட்டையை ஒரு சதவீதம் அமுக்கவே கையால் கொடுக்க முடியாத விசை தேவைப்பட்டது. அதனால்தான் பலன் நரம்பு வழியாக வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: ஆழமான அழுத்தம் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று அமர்வு ஆகிவிட்டது, மாத்திரையைப் பாதியாக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கூடாது, கூடாது.

கேள்வி: உடம்புவலி, சோர்வு, எடையும் ஏறுகிறது. எத்தனை அமர்வு வேண்டும்?

பதில்: முதலில் தைராய்டு டெஸ்ட் எடுங்கள்.

கேள்வி: தங்கை சாகணும் என்கிறாள். நல்ல தெரபிஸ்ட் யார்?

பதில்: இப்போது தெரபிஸ்டைத் தேடாதீர்கள். அவளைத் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்தையெல்லாம் அப்புறப்படுத்துங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி-மானஸுக்குப் போன் போடுங்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.