பேண்டு வாத்தியத்துக்கு நடுவே ஒரு வெற்றி

கேள்வி: பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், ஆட்டம் முடிந்ததென்று எண்ணி பேண்டு வாத்தியக் குழுவே மைதானத்துக்குள் இறங்கிவிட்ட பிறகு ஓர் அணி வென்றதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1982 நவம்பர் 20 அன்று பெர்க்லி நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அதன் பரம வைரியான ஸ்டான்ஃபோர்டும் மோதிய ஆட்டம் அது. கடைசி நிமிடத்தில் ஸ்டான்ஃபோர்டின் ஜான் எல்வே தன் அணியை முன்னேற்றிச் சென்று, 8 விநாடிகள் எஞ்சியிருக்கையில் கடிகாரத்தை நிறுத்தச் செய்தார்; மார்க் ஹார்மன் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து அணிக்கு 20-19 என முன்னிலை தேடித் தந்தார். இன்னும் சில விநாடிகள் பொறுத்துக் கடிகாரத்தை நிறுத்தியிருந்தால், அந்த உதையோடு ஆட்டமே முடிந்திருக்கும். மிஞ்சிய 4 விநாடிகள்தான் வினையாயின.

ஆட்டத்தை மீண்டும் தொடங்க ஸ்டான்ஃபோர்டு உதைத்த பந்தைக் கலிபோர்னியாவின் கெவின் மோயன் எடுத்தார். முன்னோக்கி எறியாமல் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ கொடுப்பதானால் எத்தனை முறை வேண்டுமானாலும் பந்தைக் கைமாற்றலாம் என்பதும், நேரம் தீர்ந்தாலும் பந்து வைத்திருப்பவர் பிடிபடும்வரை ஆட்டம் நிற்காது என்பதும் அங்குள்ள விதிகள். பந்து மோயனிடமிருந்து ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், டுவைட் கார்னர், மீண்டும் ராட்ஜர்ஸ், மேரியட் ஃபோர்டு என்று கைமாறியது. எதிரணியினர் சூழ்ந்துகொண்ட கணத்தில் ஃபோர்டு திரும்பிக்கூடப் பாராமல் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசியதையே நான் அந்த ஆட்டத்தின் உச்சம் என்பேன். அதைப் பிடித்தவர் மறுபடியும் மோயன். ஸ்டான்ஃபோர்டின் வாத்தியக் குழுவினர் அதற்குள் மைதானத்தில் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு நடுவே புகுந்தோடிய மோயன், இறுதி எல்லையைக் கடந்ததும் அங்கு நின்ற டிராம்போன் கலைஞர் கேரி டிரெல்மீது மோதி அவரைச் சாய்த்தார். நசுங்கிய அந்த டிராம்போன் பின்னாளில் கல்லூரிக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றது.

கேள்வி: அந்த வெற்றி முறையானதுதானா?

பதில்: நடுவர்கள் கூடிப் பேசி, டச் டவுன், அதாவது பந்தோடு இறுதி எல்லையைக் கடந்து புள்ளி பெற்றது, செல்லும் என்றே தீர்ப்பளித்தனர், 25-20 என்பதே பதிவான முடிவு. ஆயினும் கார்னரின் முழங்கால் பந்து கைமாறுமுன் தரையில் பட்டுவிட்டது என்றும், ஃபோர்டின் வீச்சு முன்னோக்கிச் சென்றது என்றும் ஸ்டான்ஃபோர்டு தரப்பினர் இன்றளவும் வாதிடுகின்றனர். காணொளியை மீண்டும் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் கல்லூரி ஆட்டங்களுக்கு அப்போது வரவில்லை. மைதானத்தில் நின்று பார்த்தவர்களின் கண்ணே அன்றைக்குச் சாட்சி என்பதால், அந்தத் தீர்ப்பை ஏற்பதே நியாயம் என்பது என் கருத்து. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனம் மட்டும் ஆறவில்லை. இரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் பொருதும் கோப்பையில் ஒரு கோடரி பதிக்கப்பட்டிருக்கிறது; அது ஸ்டான்ஃபோர்டின் வசம் இருக்கும் ஆண்டுகளில், அதில் பொறித்துள்ள 1982-ஆம் ஆண்டு முடிவை அவர்கள் 20-19 என்று மாற்றி வைத்துவிடுவார்கள். கோப்பை பெர்க்லிக்குத் திரும்பியதும் அது மறுபடியும் 25-20 ஆகிவிடும்.