ஃபியூயல் செல் பாகங்களைக் கேமராவால் சோதிப்பதில் என்ன சிரமம்?

நல்ல கேமராவும் ஏஐ மென்பொருளும் வாங்கி மாட்டினால் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் ஹைட்ரஜன் ஃபியூயல் செல் பாகங்களின் தரத்தைச் சோதித்துவிடலாமே, இதில் என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிற்சாலைகளுக்குக் கேமரா சோதனை அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். என் அனுபவத்தில் கேமராவை விட லைட்டிங்தான் நேரத்தை விழுங்கும். எந்தக் குறைக்காக ஒரு பாகத்தைக் கழிப்பது என்று முடிவு செய்வது அதைவிடக் கடினம்.

முதலில் ஒரு கணக்கு. டொயோட்டா மிராய் காரின் இரண்டாம் தலைமுறை ஸ்டேக்கில், அதாவது செல்களை அடுக்கிச் செய்த தொகுப்பில், 330 செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஆயிரம் செல்லுக்கு ஒன்றுதான் பழுது என்று வைத்துக்கொண்டால்கூட, 100 ஸ்டேக்குகளில் ஏறக்குறைய 28-இல் ஒரு பழுதான செல்லாவது இருக்கும். தொடர் இணைப்பில் ஒரு செல்லின் வோல்டேஜ் சரிந்தால் மொத்த ஸ்டேக்கையும் அடக்கித்தான் ஓட்ட வேண்டும். அதனால்தான் மாதிரிக்கு நாலைந்தை எடுத்துப் பார்ப்பது போதாது, ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

செல்லின் நடுவில் ஹைட்ரஜன் பக்கத்தையும் காற்றுப் பக்கத்தையும் பிரிக்கும் மெம்பிரேன் என்ற படலம், கார்களுக்கானது என்றால் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கும் மெல்லியது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் ஊசித்துளை இருந்தால் ஹைட்ரஜன் காற்றுப் பக்கம் கசிந்து, அங்குள்ள பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும். அந்தச் சூட்டில் துளை இன்னும் பெரிதாகும். ஒளி ஊடுருவும் படலம் என்பதால் நேர் வெளிச்சத்தில் துளை தெரியாது. சாய்வாக ஒளி பாய்ச்சினால்தான் அதன் விளிம்பு மின்னும். இதை, வேதிவினையைத் தூண்டும் கேட்டலிஸ்ட்டைப் பூசுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பூசிய பிறகு இரண்டு பக்கமும் கருப்பு, துளை மறைந்துபோகும். போதாக்குறைக்கு மெம்பிரேன் ஈரத்தை இழுத்து உப்பும், சுருங்கும். அறையின் ஈரப்பதம் கொஞ்சம் மாறினாலும் சுருக்கம் விழுந்து, நல்ல பாகத்தையும் மென்பொருள் குறை என்று சொல்லும்.

கேட்டலிஸ்ட் பூச்சு கார்பனும் பிளாட்டினமும் கலந்தது. விழும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. பூச்சு விட்டுப்போன இடத்தைப் பின்னாலிருந்து ஒளி கொடுத்துப் பிடிக்கலாம். ஆனால் ஓரிடத்தில் பூச்சு சற்று மெலிந்திருந்தால் சாதாரணக் கேமராவுக்கு எல்லாம் ஒரே கருப்புதான். இங்கே வெப்பக் கேமரா கைகொடுக்கும். அமெரிக்காவின் என்ஆர்இஎல் என்ற எரிசக்தி ஆய்வுக்கூடத்தில், ஓடும் பூச்சுக்குள் மின்சாரம் செலுத்தி, தடிமன் மாறும் இடத்தில் வெப்பநிலை மாறுவதை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

வேகத்தையும் பாருங்கள். அரை மீட்டர் அகல மெம்பிரேன் ரோல் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடுகிறது, 20 மைக்ரான் வரை தெரிய வேண்டும் என்றால் நொடிக்கு 20 கோடிக்கும் மேல் புள்ளிகள் வரும். வரிவரியாகப் படமெடுக்கும் லைன் ஸ்கேன் கேமராக்கள் எடுத்துவிடும். அவ்வளவையும் அப்போதைக்கப்போதே அலச வேண்டுமே.

செல்களுக்கு இடையே இருந்து வாயுவையும் மின்சாரத்தையும் கடத்தும் உலோக பைபோலார் பிளேட்டில் தொல்லை நேர்மாறானது: பளபளப்பு. 0.1 மி.மீ. அளவிலான தகட்டை அழுத்தி வாய்க்கால் எடுக்கும்போது வளைவுகளில் விரிசல் விடும். குவிமாட விளக்கு போட்டால் கூசாது, வாய்க்காலின் ஆழத்தை அளக்க லேசர் இருக்கிறது. இரண்டு தகடுகளைச் சேர்க்கும் வெல்டிங்கை மட்டும் படத்தை நம்பி விடக் கூடாது, கசிவுச் சோதனை கட்டாயம்.

சரி, ஏஐ? அதற்குக் கற்றுக்கொடுக்கக் குறைகளின் படங்கள் வேண்டும். நன்றாக ஓடும் லைனில் அவை அரிதாகத்தான் கிடைக்கும். கிடைத்தாலும், பூச்சில் தெரியும் ஒரு மெல்லிய வெடிப்பு செல்லைக் கெடுக்குமா கெடுக்காதா என்று படம் சொல்லாது. பயந்து எல்லாவற்றையும் கழித்தால் பிளாட்டினம் குப்பைக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு செல்லின் படத்தையும் அதன் எண்ணோடு சேமித்து, பிறகு ஸ்டேக் சோதனையில் அந்த எண்ணுள்ள செல்லின் வோல்டேஜ் எப்படி இருந்தது என்று ஒப்பிட வேண்டும். எந்தக் குறை உண்மையிலேயே ஆபத்தானது என்று அந்த ஒப்பீட்டில்தான் தெரியவரும். இந்தப் பதிவு முறையை அமைக்காமல் ஏஐக்குப் பணம் போட வேண்டாம் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன்.