சம்பாவ் புல் சாகவில்லையா? போலிபேக்கில் நட்டுச் சோதியுங்கள்

சம்பாவ் புல்லுக்கு (goosegrass என்ற களை) மருந்து எதிர்ப்பு, அதாவது மருந்து அடித்தும் சாகாத தன்மை, வந்துவிட்டதா என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமலே தெரிந்துகொள்ளலாம், மருந்து அடித்து மூன்று வாரத்தில் பதில் கிடைத்துவிடும். செம்பனை நாற்றங்காலில் கிளைபோசேட் களைக்கொல்லியை இரண்டு தடவை அடித்தும் சம்பாவ் புல் பச்சையாக நிற்கிறது என்றால் எனக்கு எதிர்ப்புத்தான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இந்தப் புல்லில் அது மலேசியாவில் 1997-லேயே பதிவானது.

1. தப்பித்த இளம் செடிகளை வேரோடு பிடுங்கி, இலையையும் வேரையும் கொஞ்சம் வெட்டிவிட்டுப் போலிபேக்கில் நடுங்கள். அப்புறம் மருந்தே படாத இடத்திலிருந்து, கோயில் திடலோ லயத்துக் கொல்லையோ, அதே புல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் நடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், ஒப்பிட ஆள் இல்லாமல் எந்த முடிவும் சொல்ல முடியாது.

2. புது இலை விட்டதும் இரண்டுக்கும் ஒரே பம்பில், லேபிளில் உள்ள அளவு மட்டும் அடியுங்கள். சிலவற்றுக்கு வெறும் தண்ணீர்.

திடல் புல் செத்து உங்களுடையது துளிர்த்தால் எதிர்ப்புத்தான். இரண்டும் பிழைத்தால் புல்லைக் குறை சொல்லாதீர்கள், மருந்தையும் பம்பையும் பாருங்கள். இரண்டுமே செத்தால் தோட்டத்தில் அடித்த விதத்தில்தான் கோளாறு: சேற்றுத் தண்ணீரில் கலந்தால் களிமண் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்ளும், மதியம் அடித்துச் சாயங்காலம் மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஒன்று கவனியுங்கள். எதிர்ப்பு உறுதியானால் அளவைக் கூட்டாதீர்கள். உடனே குளுபோசினேட் என்ற வேறு களைக்கொல்லிக்கும் தாவாதீர்கள், அதற்கும் இங்கே 2009-லேயே எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது, அதையும் இதே மாதிரி சோதியுங்கள். அதுவரை நிற்கிற புல்லைக் கதிர் விடுவதற்குள் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.