கிளவுட் பில்: கேள்வியும் பதிலும்

சோதனைக்கு அமேசான் கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஈசி2 சர்வரை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. பில் மட்டும் நிற்கவில்லை. (கோவை)

‘ஸ்டாப்’ கொடுத்தால் சர்வரின் மணிக்கணக்கு மட்டுமே நிற்கும். அதோடு ஒட்டிய, தரவு சேமிக்கும் இபிஎஸ் டிஸ்க்குக்கு ஜிபி கணக்கில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். எலாஸ்டிக் ஐபி (உங்களுக்கென ஒதுக்கிய நிலையான இணைய முகவரி) இருந்தால் அதற்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் மூன்றரை டாலருக்கு மேல். வேண்டிய தரவை இறக்கிக்கொண்டு ‘டெர்மினேட்’ செய்து சர்வரை அடியோடு நீக்குங்கள். பிறகு வால்யூம் (டிஸ்க்), ஸ்நாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), எலாஸ்டிக் ஐபி ஆகிய மூன்று பக்கங்களையும் திறந்து மிச்சம் கிடப்பதை நீக்குங்கள். அமேசானின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? ஏழு நாள் கழித்து அது தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

ஆப் இன்னும் வெளிவரவில்லை. சர்வரை மூன்று வருடத்துக்கு முன்பதிவு செய்தால் நல்ல தள்ளுபடி தெரிகிறது. எடுக்கலாமா? (திருச்சி)

வேண்டாம். மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டு, எட்டே மாதத்தில் வேறு வகை சர்வருக்கு மாற நேர்ந்து நானும் பணத்தை இழந்திருக்கிறேன்.

கூகுளின் ஆப் சேவையான பயர்பேஸில் 2,000 ரூபாய்க்கு பட்ஜெட் வைத்திருந்தேன். ஒரே இரவில் 31,000 ஏறிவிட்டது. டேட்டாபேஸில் ஓர் ஆவணம் (பதிவு) மாறும்போதெல்லாம் தானாக ஓடி, அதிலேயே நேரத்தைப் பதியும் ஒரு சிறு நிரல், ஒரு ஃபங்ஷன்தான் எழுதியிருந்தேன். (மதுரை)

அதற்கு ‘பட்ஜெட்’ என்று பெயர் வைத்ததே தவறு. அது அனுப்புவது வெறும் எச்சரிக்கை மின்னஞ்சல். செலவுக் கணக்கு வந்து சேரவே பல மணி நேரம் பிடிப்பதால் அந்த மின்னஞ்சலும் தாமதமாகத்தான் வரும். கார்டு கொடுக்காத ஸ்பார்க் திட்டத்தில் இலவச அளவு தாண்டினால் சேவை தானாக நின்றுவிடுகிறது. நிறுத்தும் வழி அவர்களுக்குத் தெரியும் என்றுதானே பொருள்? கார்டு கொடுத்து பிளேஸ் திட்டத்துக்கு வந்தவருக்கு அதை ஒரு பட்டனாகத் தருவதில்லை. கற்றுக்கொள்ளும் மாணவரும் பெரிய நிறுவனமும் ஒரே கதவு வழியாக நுழைகிறார்கள். அடி மாணவருக்குத்தான் விழுகிறது. இது அநியாயம், பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

உங்கள் கோடில் நடந்தது இதுதான்: ஃபங்ஷன் நேரத்தை எழுதுகிறது, அதனால் ஆவணம் மாறுகிறது, மாறியதால் ஃபங்ஷன் மறுபடி ஓடுகிறது. தொடக்கத்திலேயே பழைய மதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, பயனர் நிரப்பும் புலம் (ஆவணத்தின் ஒரு கட்டம்) மாறவில்லை என்றால் வெளியேறச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஃபங்ஷனின் எத்தனை பிரதிகள் ஓடலாம் என்று சொல்லும் மேக்ஸ் இன்ஸ்டன்ஸஸ் எண்ணை 2 என்று வையுங்கள். சுழல் மறுபடி வந்தாலும் வேகம் குறையும். இனி எதையும் முதலில் எமுலேட்டரில் (உங்கள் கணினியிலேயே ஓடும் மாதிரிச் சூழலில்) ஓட்டுங்கள். பட்ஜெட் செய்தியை பப்சப் என்ற செய்தி அனுப்பும் சேவை வழியாக வாங்கி பில்லிங்கைத் துண்டிக்கும் ஃபங்ஷனும் எழுதலாம். ஆனால் அது மொத்த ப்ராஜெக்ட்டையும் நிறுத்திவிடும், சிலது மீட்க முடியாமலும் போகலாம். அதனால் சோதனை ப்ராஜெக்ட்டில் மட்டும் வையுங்கள்.

சுழல் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், லாக், திருத்திய கோடு ஆகியவற்றோடு இன்றே பில்லிங் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கேட்காமல் கிடைக்காது.

போன வருடம்போல இப்போதும் அமேசான் கணக்கின் அக்சஸ் கீ (நிரல் உள்ளே நுழையும் சாவி) கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏறிவிட்டது. கமிட்டை (அந்தக் கோடு பதிவை) அழித்துவிட்டேன், போதுமா? (சேலம்)

போதாது. போன வருடமே பட்டும் கோடுக்குள் கீயை எழுதுகிறீர்கள். பொது ரெப்போவில் (யாரும் பார்க்கக்கூடிய கோடு கிடங்கில்) விழும் கீயை அள்ளிப்போகவே திருடர்களின் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கமிட்டை அழித்தாலும் நகல் அவர்களிடம் இருக்கும். அமேசானில் அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் கீயை முடக்குங்கள். மும்பை ரீஜனோடு (சர்வர் மையங்கள் இருக்கும் பகுதி) நிற்காமல் எல்லா ரீஜனிலும் தெரியாத சர்வர் ஓடுகிறதா, கணக்கில் நடந்ததைப் பதிந்து வைக்கும் கிளவுட்ட்ரெய்லில் புதிய யூசர் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வருக்கே அனுமதி தரும் ஐஏஎம் ரோல் கொடுத்தால் கீயே தேவையில்லை.

என் தையல் கடைக்கு ஆப் செய்தவர் கிளவுட் கணக்கைத் தன் பெயரில் வைத்திருக்கிறார். பேசிய 80,000 கொடுத்தாயிற்று. ஒப்படைக்க இன்னும் 50,000 கேட்கிறார். (தஞ்சாவூர்)

கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் உழைப்பை வைத்து மிரட்டுகிறார், தவறு முழுக்க அவருடையது. சோர்ஸ் கோடு, டேட்டாபேஸ் பேக்கப், டொமைன் (இணைய முகவரி) மாற்றம், கூகுளின் ப்ளே கன்சோலில் ஆப்பை உங்கள் கணக்குக்கு மாற்றும் ஆப் டிரான்ஸ்ஃபர் ஆகிய நான்கையும் தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். யுபிஐ ரசீதுகளையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேமித்து வையுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணிகத்துக்கு வாங்கியது என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று சொல்லுங்கள்; ஆப் போன்ற சேவைக்கும் அது பொருந்துமா என்று அந்த உதவி எண்ணிலேயே கேளுங்கள். புதிதாக யாரிடம் வேலை கொடுத்தாலும் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் திறந்து, அவருக்கு ஒரு யூசர் மட்டும் உருவாக்கிக் கொடுங்கள்.