மண் பிசையும் மகளை டாக்டர் படிப்புக்கு ஏன் தள்ளுகிறீர்கள்?

பாஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள், படித்தால் சிற்பம்தான் என்கிறாள். பெரியப்பாவோ, "ப்ரீ-மெட் (டாக்டர் படிப்புக்கு முந்தைய டிகிரி) சேர்த்துவிடு, சிலையை லீவு நாளில் செய்யட்டும்" என்கிறாராம்.

கவலைப்படாதீர்கள் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் பெரியப்பா சொல்வது தப்பு. நாலு வருஷ டிகிரி, மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கேட் பரீட்சை, அங்கே இன்னொரு நாலு வருஷம், அதற்குமேல் ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி பயிற்சி. மனசில்லாத பிள்ளை பாதியில் கழன்றுகொண்டால் கடன் பெரியப்பா தலையில் ஏறாது.

உங்களுக்குப் பக்கத்தில் வாட்டர்டவுனில் 1830-ல் பிறந்தவர் சிற்பி ஹேரியட் ஹாஸ்மர். அவரும் மருத்துவக் கல்லூரிக்குப் போனார், சிலை செய்வதற்காக! பாஸ்டனில் பெண்ணுக்கு உடற்கூறியல் வகுப்பில் இடமில்லை என்றதும் செயின்ட் லூயிஸ் போய் டாக்டர் மெக்டவலிடம் படித்தார். 1852-ல் ரோம் நகரம், அங்கே சிற்பி ஜான் கிப்சனின் பட்டறை.

உங்கள் மகளும் அந்த வரிசையிலேயே போகட்டும். முதலில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் அனாட்டமி, லேபுடன். கூடவே களிமண்ணில் ஆளளவு தலை ஒன்று. பலகையில் இரும்புக் குழாயை நிறுத்தி, கம்பியில் குறுக்குக்கட்டைகளைத் தொங்கவிட வேண்டும். அதற்குப் 'பட்டாம்பூச்சி' என்று பெயர். அது இல்லாவிட்டால் 25 பவுண்டு களிமண் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே சரிந்துவிடும். ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் மூடாவிட்டால் மூக்கும் காதும் முதலில் வெடிக்கும்.

அடுத்து அந்தத் தலைமேல் பூசி எடுக்கும் பிளாஸ்டர் அச்சு. தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். முதல் பூச்சில் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம், அதற்குமேல் வெள்ளை. அச்சு இறுகியதும் களிமண்ணைத் தோண்டியெடுத்து, உள்ளே சோப்புக் கரைசல் தடவி, புது பிளாஸ்டர் ஊற்றணும். சோப்பு விட்டுப்போன இடத்தில் அச்சும் தலையும் ஒன்றாகிவிடும். பிறகு மழுங்கிய உளியால் அச்சை உடைத்துக்கொண்டே வரும்போது நீலம் தெரிந்தால் கை மெதுவாக வேண்டும். அடுத்த அடியில் கன்னம் போய்விடும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பழங்கால ராணி ஸெனோபியாவை ஹாஸ்மர் வடித்த சிலையை வேலையாட்கள்தான் செய்தார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுத, அவர் அவதூறு வழக்கு வரை போனார்; 1864-ல் அட்லான்டிக் மந்த்லி என்ற அமெரிக்கப் பத்திரிகையில் சிற்ப வேலையின் படிகளை விளக்கிக் கட்டுரையும் எழுதினார். கல்லூரிக்குக் காட்டும் போர்ட்ஃபோலியோவிலும் முடிந்த சிலையை மட்டும் வைத்தால் போதாது.

பணத்தில் மட்டும் நான் இளக மாட்டேன். தனியார் கலைக்கல்லூரிக்குப் பெரிய கடன் வாங்கி, அதில் நீங்களும் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்டனிலேயே இருக்கும் மாஸ்ஆர்ட் அரசுக் கலைக்கல்லூரி. மாநிலத்தவருக்குக் கட்டணம் குறைவு. ஹாஸ்மரின் அப்பாவுக்கே 1854 வாக்கில் பண நெருக்கடி வந்து, மகளை ஊருக்குத் திரும்பச் சொன்னார். மகள் திரும்பவில்லை, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் குறும்புக்காரக் குட்டித்தேவதை 'பக்' காளான்மேல் உட்கார்ந்த சிலையைச் செய்து, ஆயிரம் டாலர் வீதம் பிரதி பிரதியாக விற்றார். அச்செடுப்பும் வார்ப்பும் தெரிந்தவருக்கு அந்த வழி இன்னும் உண்டு. படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஒரு வெண்கல வார்ப்புப் பட்டறையில் வேலை கேட்கட்டும்.

தலை முடிந்து, வாளியில் ஒட்டிய பிளாஸ்டரைச் சுரண்டும்போது அவள் முகத்தைப் பாருங்கள். சலிப்பு தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பேசலாம்.