மாத்திரை கொடுத்தாச்சு, அப்புறம்?

அன்புள்ள ஐயா,

கோவையில் பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு மாணவன். பலன் நிரூபணமான சிகிச்சைகள் ஏன் மக்களைப் போய்ச் சேர்வதில்லை என்று ஆராயும் செயலாக்க அறிவியல் என் துறை. "புதிதாக எதையும் கண்டுபிடிக்காத இது அறிவியலா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இரத்தசோகை ஆய்வுக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும்? வெளிநாடு போய்ப் படிக்கலாமா? (சுருக்கப்பட்டது)

ர.

அன்புள்ள ர,

வெளிநாடு உங்கள் விருப்பம். நண்பர்களுக்கு 1971 வங்கதேச அகதிகளைப் பற்றிச் சொல்லுங்கள். மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. உப்புச் சர்க்கரைக் கரைசலின் பலன் ஏற்கெனவே தெரிந்ததுதான். திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் அதைக் குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி, சொந்தக்காரர்களையே பிடித்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த சாவு 4க்குக் கீழே இறங்கியது. போதுமா?

இரத்தசோகைக்கு வருவோம். கொஞ்ச நாளாக அதுதான் மனதில் ஓடுகிறது. இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் 1970இலேயே தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் (15-49 வயது) 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. உணவு, குடற்புழு என்று வேறு காரணங்களும் உண்டு, சரி. ஆனால் மாத்திரை வாய்க்குள் போனதா?

பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலை பார்த்த என் அக்கா மாசமாக இருந்தபோது, நூல் தார்ப்பெட்டிக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன. கேட்டேன். "தின்னா கொமட்டுது கண்ணு. வெளிக்குப் போனா கருப்பாப் போவுது. கொழந்தைக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." கருப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட வேண்டாம் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. முழுங்கிய நாளிலும் ஷிப்ட் டீயோடு முழுங்கியிருக்கிறாள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. நர்ஸம்மா வந்து "மாத்திரை சாப்புடறீங்களா அம்மணி?" என்பார். "சாப்புடறனுங்க" என்பாள். நோட்டில் ஒரு டிக். அவரைக் குறை சொல்லமாட்டேன். கொடுத்ததை எழுதத்தான் அந்த நோட்டில் கட்டம் இருந்தது, குமட்டலை எங்கே எழுதுவார்?

உங்கள் நீண்ட கடிதத்தில் கோட்பாட்டுப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மாத்திரை முழுங்கும் பெண் ஒருத்திகூட வரவில்லையே தம்பி! படித்த பிள்ளைக்கு இது உறைக்க வேண்டாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் திட்டுகிறேன்.

கோட்பாட்டை அப்புறம் தேடலாம். முதலில் சோமனூர் பக்கம் போங்கள். தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. டீ நேரத்தில் உட்காருங்கள். வினாத்தாளை வெளியே எடுக்க வேண்டாம். மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்